கணக்கில் வராத ஆட்டம்

"தாத்தா, இது பிரெண்ட்லி மேட்ச்தான். கணக்குல வராது. வெயில்ல நீங்க அலைய வேண்டாம்."

என் மகள் வயிற்றுப் பேரன் தொலைபேசியில் இவ்வாறு சொன்னது 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில். அவன் அப்போது திருவையாற்றில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிகளுக்கிடையேயான குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருந்தன. அதற்கு முன்னர்க் கால் பழகிக்கொள்வதற்காக, கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து ஒரு பள்ளி அணியை வரவழைத்து ஒரு நட்பு ஆட்டம் ஆட ஏற்பாடாகியிருந்தது.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். 'கணக்கில் வராது' என்று யாரேனும் சொன்னால் என் காது தானே கூர்மையாகிவிடும். கணக்கில் வராத ஒன்றுக்காக இருபத்திரண்டு பிள்ளைகள் ஏன் வியர்க்க விறுவிறுக்க ஓட வேண்டும்? அதைக் காண ஒரு கிழவன் ஏன் தஞ்சையிலிருந்து பேருந்து ஏறிப் போக வேண்டும்? இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் அன்று மாலை புறப்பட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒவ்வோர் ஆறாகக் கடந்துதான் ஐயாற்றை அடைய வேண்டும். அன்று ஐந்து பாலங்களின் கீழும் மணல்தான் கிடந்தது. 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, நீர் இருப்பு வாய்க்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அன்று குறுவைக்காகத் திறக்கப்படுவது மரபு. அவ்வாண்டு அந்த நாள் திறப்பின்றிக் கடந்து போயிருந்தது. ஆழ்குழாய் வசதியுள்ளவர்களின் வயல்கள் மட்டும் ஆங்காங்கே பச்சை காட்டின. மற்றவை புழுதியாகக் காத்துக் கிடந்தன.

ஆட்டம் நடந்த திடலும் அத்தகைய வயல்களை ஒட்டியதுதான். ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மறுபக்கம் வறண்ட வாய்க்கால். வலையில்லாத கோல் கம்பங்கள். சுண்ணாம்புக் கோடு பாதித் தூரம் வரைக்கும் தெரிந்தது. மீதியை ஆடுபவர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். பார்வையாளர் முப்பது பேர் இருப்போம். வேப்பமர நிழலில் எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

விருந்தாக வந்த அணியில் ஒன்பது பேரே இருந்தார்கள். இருவர் பேருந்தைத் தவற விட்டுவிட்டார்களாம். கால்பந்தாட்டத்தின் பதினேழு விதிகளின்படி ஓர் அணியில் ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம். போட்டி ஆட்டமாக இருந்திருந்தால் எதிரணியின் குறையை நம் அணி நிறைவாகக் கொண்டாடியிருக்கும். இங்கே நடந்தது வேறு. உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர் தம் பிள்ளைகளைப் பார்த்து, "ரெண்டு பேர் அந்தப் பக்கம் போங்கடா" என்றார். இருவர் சட்டையை மாற்றிக்கொண்டு எதிரணிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் என் பேரன்.

என் கவனம் அந்த நொடியிலிருந்து பந்தை விட்டு அவன் மேலேயே நிலைத்துவிட்டது. இனி இவன் என்ன செய்வான்? நாள்தோறும் உடன் ஆடும் தோழர்களுக்கு எதிராக ஆட வேண்டும். வென்றால் இவனுக்குப் புகழில்லை, தோற்றால் இகழ்ச்சியுமில்லை. ஒப்புக்கு ஓடிவிட்டு, முக்கியமான நேரத்தில் கால் தடுமாறியதுபோல் நடித்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவனுடைய பள்ளித் தோழர்கள் உள்ளூர மகிழவும் கூடும்.

இரண்டாம் பாதியில், உள்ளூர் அணி இரண்டு கோல்களும் விருந்தினர் ஒரு கோலும் போட்டிருந்த நேரம். வலப்புறத்திலிருந்து வந்த பந்து என் பேரன் காலடியில் விழுந்தது. எதிரே கோல் காத்து நின்றவன் அவனுடைய நெருங்கிய நண்பன். காலையில் ஒரே மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறவர்கள். பேரன் தயங்கவில்லை. முழு வலிமையோடு உதைத்தான். பந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு உள்ளே போனது. விருந்தினர் அவனைக் கட்டிக்கொண்டார்கள். கோல் காத்த நண்பன் ஒரு கணம் அவனை முறைத்தான். பிறகு பந்தை எடுக்க வாய்க்காலுக்கு ஓடினான்.

இறுதியில் உள்ளூர் அணியே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. அது எந்த ஏட்டிலும் பதிவாகாத வெற்றி. ஆட்டம் முடிந்ததும் இரு அணிப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்த அசோகாவை வழித்துத் தின்றார்கள். பாசிப்பருப்பில் கிண்டும் அந்த இனிப்புக்குத் திருவையாறு பெயர் பெற்றது.

வீடு திரும்பும் வழியில் பேரனிடம் கேட்டேன்: "உன் பள்ளிக்கு எதிராகவே கோல் போட்டுட்டியே, மனசு உறுத்தலையா?"

அவன் என்னை வியப்போடு பார்த்தான். "ஏனோதானோன்னு ஆடுறதுக்கு அவங்களுக்கு நான் எதுக்குத் தாத்தா? ஆள் கம்மின்னுதானே கேட்டாங்க."

சற்று நடந்த பிறகு தானாகவே இன்னொன்றும் சொன்னான்: "நான் சும்மா ஆடியிருந்தா எங்க கோல் கீப்பருக்கும் பிராக்டிஸ் கிடைச்சிருக்காதே."

அன்பர்களே, அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் இரு வாக்கியங்களையும் பல நாள் அசைபோட்டேன். விருந்தினர் கேட்டது இரண்டு உடல்களை அல்ல, இரண்டு ஆட்டக்காரர்களை. உடலை மட்டும் கொடுத்துவிட்டு மனத்தை ஒளித்து வைத்தால், அது கொடுத்ததாகாது. அவனுடைய சொந்த அணிக்கும் அன்று தேவைப்பட்டது மெய்யான எதிர்ப்புத்தான். அதைப் பெறத்தானே ஆற்றுக்கு அப்பாலிருந்து ஓர் அணியை அழைத்தார்கள்? ஆகவே ஒரே உதையால் அவன் இரு தரப்புக்கும் நேர்மையாக இருந்தான். மென்மையாக ஆடுவதே நட்பு ஆட்டம் என்று நான் எண்ணியிருந்தேன். முழுமையாக ஆடுவதே அதிலுள்ள நட்பு என்பதை அவன் காட்டினான்.

விளையாட்டைப் பற்றி நம் மொழி வைத்திருக்கும் மதிப்பைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால், மனமொன்றிச் சொல்லவில்லை என்று பொருள். 'விளையாட்டுப் பிள்ளை' என்றால், பொறுப்பற்றவன். ஆனால் இதே மொழிதான் இறைவனின் செயல்களைத் 'திருவிளையாடல்' என்றும் அழைக்கிறது. நம் திருநூலிலும் நீதிமொழிகளின் எட்டாம் அதிகாரத்தில், படைப்பின் வேளையில் ஞானம் இறைவனின் அருகே நின்று நாள்தோறும் களிகூர்ந்ததாகப் படிக்கிறோம். உலகம் உண்டானபோது ஆண்டவர் எந்த வெற்றிப் புள்ளியையும் ஈட்ட வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் போட்டியாளர் எவருமில்லை, குறையும் எதுவுமில்லை. ஆயினும் ஒவ்வொன்றையும் நல்லதாகப் படைத்தார். தேவையற்ற இடத்தில் முழுமையாகக் கொடுப்பது படைத்தவருடைய இயல்பு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்கிறார். அங்கே பழைய நிகழ்ச்சியொன்றை எடுத்தாளுகிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை யோவான் அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்த பிறகு, இப்படியே இடைவிடாமல் எய்ய முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் புனிதர். அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே போய், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பது குற்றமே என்று தீர்ப்புச் சொல்கிறார். அளவுக்கு மீறிய விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகளை எச்சரித்த நம்மில் எத்தனை பேர், விளையாட்டே இல்லாமையும் குறையென்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

தஞ்சை மண்ணுக்கு இது புதிய பாடமும் அன்று. தொன் போஸ்கோவின் சலேசிய சபையினர் இந்தியாவில் முதன்முதலாக வந்து இறங்கிப் பணி தொடங்கியது நம் தஞ்சையில்தான். 1906ஆம் ஆண்டு ஜனவரியில் அருள்தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் வந்த சிறு குழு, இங்கே ஆதரவற்ற சிறுவர்களைப் பேணும் பொறுப்பை ஏற்றது. அச்சபையார் தம் இல்லங்களை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுவது வழக்கம். அது வரவேற்கும் வீடாக இருக்க வேண்டும். நற்செய்தி அறிவிக்கும் ஆலயமாக இருக்க வேண்டும். வாழ்வுக்கு ஆயத்தம் செய்யும் பள்ளியாக இருக்க வேண்டும். நண்பர்கள் கூடி மகிழும் திடலாகவும் இருக்க வேண்டும். துரின் நகரத்துச் சிறுவர்களோடு தாமே ஓடி விளையாடிய அப்புனிதர், திடலை ஆலயத்துக்குப் போட்டியாகக் கருதவில்லை. இளமையில் வாதோவிச்சே ஊரில் கோல் காத்து ஆடிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், யூபிலி ஆண்டான 2000த்தில் அக்டோபர் 29 அன்று உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். அதன் பின் எண்பது வயது முதியவராக அவர் அமர்ந்து பார்த்ததும் ஒரு நட்பு ஆட்டத்தைத்தான்.

ஆனால் இங்கே ஒரு மறுப்பு எழலாம். பரிசு பெறுவதற்காக ஓடுங்கள் என்னும் கருத்தில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? கணக்கும் வெற்றியும் இல்லாவிட்டால் உழைப்பு ஏது? இந்த மறுப்பு நியாயமானதே. கணக்கை இகழ நான் வரவில்லை. அதுதான் எனக்குச் சோறு போட்டது. குறுவட்டப் போட்டியில் வெல்ல வேண்டும் என்னும் ஆசையே அந்தப் பிள்ளைகளைத் திடலுக்குக் கொண்டுவந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: கணக்கு நடக்கும் இடத்தில் ஒருவன் எதற்காகப் பாடுபடுகிறான் என்று நமக்குத் தெரியாது. பரிசுக்காகவா, பாராட்டுக்காகவா, அச்சத்தாலா? எல்லாம் கலந்திருக்கும். கணக்கு நின்றுபோன இடத்தில்தான் அவனுடைய அன்பு எதன் மேல் என்பது வெளிப்படும்.

நம் பங்குகளிலேயே இதைப் பார்க்கலாம். ஆயர் வருகை தரும் திருவிழாப் பலிக்குப் பாடகர் குழு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறது. வார நாட்களின் விடியற்காலைப் பலிக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். அங்கே தொடக்கப் பாடலை யார் எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். வருகைப் பதிவேடு இல்லாத அந்த ஒன்பது பேர் கூட்டத்திலும் ஒரு மூதாட்டி திருவிழாவுக்குப் பாடுவதுபோலவே குரல் நடுங்கப் பாடுகிறார் என்றால், அவரே என் பேரனின் கட்சி.

திருவையாற்று மக்களுக்கு இதற்கு ஆண்டுதோறும் ஒரு சான்று கிடைக்கிறது. 1847ஆம் ஆண்டு இவ்வூரில் மறைந்த தியாகராசர், அரசவையின் அழைப்பையும் பரிசையும் மறுத்துவிட்டு இறைவனுக்காகவே பாடினார் என்று சொல்வார்கள். அவருடைய ஆராதனை நாளில், காவிரிக் கரையில் பெரும் புகழ் வாய்ந்த பாடகர்களும் நேற்றுப் பயிலத் தொடங்கியவர்களும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து, ஊதியம் பெறாமல் ஒருமித்துப் பாடுகிறார்கள். அங்கே தனிக் கச்சேரியில்லை. யார் குரல் யாருடையது என்று பிரித்தறியவும் இயலாது. ஆயினும் எவரும் ஏனோதானோ என்று பாடுவதில்லை. சமயம் வேறாயினும், கணக்கில்லாத இடத்தில் முழுமையாகக் கொடுப்பது எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாரக் காண அந்தப் படித்துறை போதும்.

ஆட்டத்தில் கண்ட இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். முறையான போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு வரம்புண்டு; 2022 முதல் பன்னாட்டு விதி ஐந்து பேரை அனுமதிக்கிறது. நட்பு ஆட்டத்திலோ இரு அணியும் இசைந்தால் எத்தனை பேரும் இறங்கலாம். கடைசிப் பத்து நிமிடத்தில், எந்தப் போட்டியிலும் வாய்ப்புக் கிடைக்காத, அணியிலேயே மிகச் சிறிய ஒருவனை ஆசிரியர் களத்தில் இறக்கினார். அவன் காலில் பந்து இரண்டே முறைதான் பட்டது. ஆட்டம் முடிந்ததும் அசோகாவில் அவனுக்குக் கிடைத்த பங்கு மற்றவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைவில்லை.

மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்டத்து உவமை, கணித ஆசிரியனான எனக்கு எப்போதும் முள்ளாக உறுத்தி வந்த ஒன்று. விடியலில் வந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி என்பது எந்த விகிதத்தில் அடங்கும்? அந்தச் சிறுவன் விரலை நக்கிக்கொண்டு சிரித்ததைப் பார்த்தபோது, தோட்டக்காரர் கணக்குத் தெரியாதவரல்லர் என்று முதன்முறையாகத் தோன்றியது. வேலையில்லாமல் சந்தையில் நின்ற ஒருவன் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடாது என்பதே அவருடைய கவலையாயிருந்தது.

இதுவரை எழுதியதை நான் நிறுத்திக்கொண்டிருந்தால், இது பேரனைப் பாராட்டிய ஒரு தாத்தாவின் கட்டுரையாக முடிந்திருக்கும். நேர்மை அதற்கு இடம் தரவில்லை.

எனக்கு ஒரு மகனும் உண்டு. அவனும் கால்பந்து ஆடியவன். 1995ஆம் ஆண்டு அவன் பிளஸ் டூவுக்கு வந்தபோது, பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்த காலம் அது. அரை மதிப்பெண்ணில் இடம் தவறும். ஒரு மாலை அவன் திடலுக்குப் புறப்பட்டபோது வாசலில் மறித்து, "கணக்கில் வராததுக்கெல்லாம் நேரத்தைப் பாழாக்காதே" என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆட்டக் காலணிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தான். பிறகு அவற்றை எடுக்கவேயில்லை. நன்றாகப் படித்தான், கடல் கடந்து நல்ல வேலையில் இருக்கிறான், மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறான். கணிதத்தில் அவன் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவன் பந்தாடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான் செய்தது முற்றிலும் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். ஓர் ஆசிரியர் ஊதியத்தில் குடும்பம் நடத்திய தகப்பனுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவனைத் தடுத்தது பற்றி எனக்கு இருக்கும் வருத்தத்தைவிட, தடுப்பதற்கு முன்னிருந்த ஆண்டுகளைப் பற்றிய வருத்தமே பெரிது. அப்போதெல்லாம் அவன் ஆடிக்கொண்டுதான் இருந்தான். நான் போயிருக்கலாம். திடல் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடைதான்.

அன்றிரவு அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். உடல்நலமா, பணம் தேவையா என்று பதறிக் கேட்டான். "ஒண்ணுமில்லப்பா. நீ பள்ளிக்கூடத்துல ஃபுட்பால் ஆடினியே, எந்த இடத்துல நின்னு ஆடுவே?" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஓசையில்லை. "லெஃப்ட் பேக்பா" என்றான். அது எந்த இடம், அங்கே நிற்பவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவேயில்லை. எதிரணியில் யார் வேகமாக ஓடுவான், மழைநாளில் பந்து எப்படி வழுக்கும், ஒருமுறை கோல் கோட்டிலிருந்தே பந்தை வெளியே தள்ளியது எப்படி என்று, முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்காததையெல்லாம் சொன்னான். இறுதியில், குற்றம் சாட்டும் குரலில் அல்ல, ஏதோ நினைவு வந்தவன்போல, "அப்ப நீங்க ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்ப்பா" என்றான்.

அதற்கு என்னிடம் பதிலில்லை. "ஆமாப்பா" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் தம் வாழ்வில் மிக விரும்பிச் செய்வதைப் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டளையும் விதிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் யாரும் இதை அறிக்கையிடுவதுமில்லை. இது கணக்கில் வராத கடன். ஆனாலும் கடன்தான்.

ஜூலை 28 அன்று மேட்டூர் திறக்கப்பட்டது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஐந்து ஆறுகளிலும் தண்ணீர் ஓடியது. பந்து போய் விழுந்த அந்த வாய்க்காலும் நிறைந்தது. குறுவட்டப் போட்டியில் பேரனின் பள்ளி முதல் சுற்றிலேயே தோற்றுப் போயிற்று. அதற்குச் சான்றிதழும் பதிவும் உண்டு. புழுதித் திடலில் நடந்த அந்த மாலை ஆட்டத்துக்கு எந்தப் பதிவும் இல்லை.

அடுத்த நட்பு ஆட்டம் என்றைக்கு என்று பேரனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.